அமண்டா ஆரோட

— மறுகா?

— விடியக்குள்ள எழும்புவன். பல்லைத் தீட்டுவன். கேத்தில்ல தண்ணி வைப்பன். சேர்ட்டை மினுக்குவன். பாணும் மீனும் சாப்பிடுவன். கதவைப் பூட்டிட்டுப் பள்ளிக்கூடம் போவன்.

— மறுகா?

— படிப்பிப்பன். பின்னேரம் பொடியளோட பந்தடிப்பன். இருட்டினா வந்து படுப்பன்.

— இதுக்குள்ள என்ட மருமகள் எங்க நிப்பாள், அன்ட்ரூ? கேத்திலுக்குப் பக்கத்திலயா, பந்துக்குப் பக்கத்திலயா?

— என்ட மகள், றிக்கி. என்னோட பள்ளிக்கூடம் வருவாள். அஞ்சு வயசாச்சு. அங்க சின்ன வகுப்பும் இரிக்கு. கேட்டு வச்சிட்டன்.

— கேட்டு வச்சாச்சு. நல்லம். மாலைதீவு ராசா உனக்குப் பதில் போட்டாரா? வளத்த நான் இஞ்ச மரம் சீவிட்டு இரிக்கன், என்னட்ட ஆரும் கேக்கல்ல.

— இப்ப கேக்கத்தான் வந்தன். அந்தச் சீவுளியை வச்சிட்டுக் கதை.

— வைக்க ஏலா. இது என்ன தெரியுமா? அமண்டாட கட்டில். பழையதுல கால் நீட்டினா இடிக்குது எண்டு புள்ள நேத்து அழுதாள். அவள் வளர்றது உனக்குப் படத்தில தெரியும், மச்சான். எனக்குக் கட்டில்ல தெரியும்.

— அங்கயும் கட்டில் இரிக்கு.

— சேர்ச் இரிக்கா?

— இல்ல.

— நத்தார்?

— இல்ல. அறைக்குள்ள நான் ஜெபம் சொல்லுவன்.

— எங்கட போத்துக்கீசப் பாசை கதைக்க ஒரு பறங்கி மனிசன்?

— நான்தான்.

— வயலின்?

— இல்ல.

— வேற என்னதான்டா இரிக்கு?

— கடல்.

— அது எங்களுக்கும் இரிக்கு. பட்டது காணும்.

— மூண்டு தரம் கேட்டன், றிக்கி. ஒவ்வொரு தரமும் சண்டை எண்ட. பாதை சரியில்ல எண்ட. புள்ளையோட சோதனைச் சாவடியில நிக்க ஏலா எண்ட. இப்ப சண்டை முடிஞ்சுது.

— ஓம், முடிஞ்சுது. ரவுண் கடைத்தெருவில வெடி கொளுத்திக் கொண்டாடுறானுகள். ஷெல் அடிக்கக்க புள்ளையைத் தூக்கிட்டு மேசைக்குக் கீழ படுத்தவன் நான். முடிஞ்ச கையோட பாஸ்போட்டைக் கொண்டந்து நீட்டுறவன் நீ. நல்ல கெட்டிக்காரன். கொண்டாட்டம் எங்கயோ அங்க நீ நிப்ப.

— என்ன சொல்ற?

— ஸஹீதா ரீச்சர் ஒரு படம் காட்டினா. உன்னோட படிப்பிக்கிறவ, காத்தான்குடி. பாவம், நல்ல மனசோடதான் காட்டினா. "உங்கட மச்சான் பெருநாளுக்கு எப்பிடி ஆடுறார் பாருங்க" எண்டு. உன்ட மூஞ்சியெல்லாம் சிவப்பும் பச்சையும். உன்ட பொஞ்சாதி கெரன்ட ஆண்டுப் பூசைக்கு நீ வரல்ல. அந்த வருசம் எடுத்த படம் அது. என்ட தங்கச்சிக்கு நான் மெழுகுதிரி கொளுத்துறன், நீ சாயம் பூசிட்டுச் சிரிக்கிற.

— சிரிக்கல்ல. பொடியள் சாயத் தண்ணி ஊத்தினாங்க. வாய் திறந்திருந்திச்சு.

— அப்ப ஆடல்லயா?

— ஆடினன்.

— மறுகா? சொல்லன். கேட்டுச் சந்தோசப்படுவம்.

— பெருநாளுக்குத் தென்னோலையில பெரிய மீன் பின்னுவாங்க. ஆள் உயரத்தை விடப் பெரிசு. அது கடலுக்குள்ள இருந்து வரும். ஊர் முழுக்கக் கூடி அதைப் பிடிக்கோணும். அவங்கட விளையாட்டு. நான் கதவைச் சாத்திட்டுக் கிடந்தன். பொடியள் தட்டிக்கொண்டே நிண்டாங்க. "சேர், கயிறு இழுக்க ஆள் காணாது" எண்டாங்க. போய் இழுத்தன்.

— மறுகா?

— மீன் கரைக்கு வந்திச்சு. கடல்ல இருந்து ஒண்டு கரைக்கு வாறதைப் பார்த்தன்.

— கெரன் வரல்ல.

— ஓம். அவள் வரல்ல.

— அதுக்கு ஆட்டமா?

— விளங்கப்படுத்த ஏலா, றிக்கி. அவங்கட தீவுக்கும் தண்ணி வந்தது. டிசம்பர் இருபத்தாறு எண்டா பந்தைத் தொட மாட்டாங்க. என்ட வாசலில வந்து குந்தியிருப்பாங்க. ஒண்டும் கேக்க மாட்டாங்க. இருட்டினா எழும்பிப் போயிடுவாங்க. இஞ்ச வந்தா கேள்விதான்.

— கேப்பன். சாகும் மட்டும் கேப்பன். அந்த நத்தாருக்கு நீ ஏன் வரல்ல? கெரன் உனக்கு நீலச் சேர்ட் தைச்சு, பொத்தான் எல்லாம் கட்டி, கதவில கொழுவி வச்சிருந்தாள். வாற ஆக்களெல்லாம் "அன்ட்ரூ எங்க" எண்டு கேக்க, அவள் சிரிச்சிட்டுக் கேக் வெட்டிக் குடுக்கிறாள். நீ எங்க? தீவுக்குத் தீவு பந்துப் போட்டி. ஆருடையோ பொடியனுகளுக்கு விசில் ஊதிட்டு நிண்ட.

— வெண்டாங்க.

— என்ன?

— அந்தப் போட்டி. எங்கட பொடியள் வெண்டாங்க. கெரனுக்கு அதைச் சொல்லத்தான் மறுநாள் காலமை போன் எடுத்தன்.

— உன்ட வெற்றி நாசமாப் போக!

— போச்சு.

— வாயைப் பார். கல்லுத் திண்டவன் மாதிரி. உனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததை நான் காணல்ல. நீ புள்ள வளக்கப் போறயா? கேளு, மச்சான். அண்டைக்கு நான் விடிய விடிய வயலின் வாசிச்சவன். டச்பார் ஊர் முழுக்க எங்கட வீட்டு முத்தத்தில கப்ரிஞ்ஞா ஆடினது. குடிச்சன். ஓம், மறைக்கல்ல. வெட்டிப்போட்ட மரம் மாதிரிக் கிடந்தன். தலைமாட்டில குண்டு வெடிச்சாலும் நான் எழும்ப மாட்டன், ஊருக்கே தெரியும். ஆனா இந்தப் புள்ள சிணுங்கினாக் காணும், துள்ளி எழும்பிடுவன். கெரன் பகிடி பண்ணுவாள், "பெத்தது நான், ஏணை ஆட்ட எழும்புறது நீ" எண்டு.

— தெரியும்.

— அண்டைக்கும் அப்பிடித்தான். கண்ணை முழிச்சா, புள்ள என்ட நெஞ்சில கிடந்து கத்துறாள். கெரனோட மற்ற அறையில படுத்தவள், எப்பிடி வந்தாளோ தெரியா. தவண்டு வந்திருப்பாள். கட்டிலைச் சுத்தித் தண்ணி. நான் செய்த அலுமாரி மிதக்குது. அதுக்கு மேல அவளைப் போட்டு வாவிப் பக்கம் தள்ளிட்டுப் போனன். கடல் எல்லாத்தையும் எடுத்துப்போட்டு இவளை என்ட கையில தந்தது. உன்ட கையில இல்ல. நான் காப்பாத்தின புள்ள, விளங்குதா?

— தவண்டு வரல்ல.

— என்ன?

— ஒண்டுமில்ல.

— இதுதான்! எப்பவும் ஒண்டுமில்ல. கடைசியா அவள் கதைச்சது உன்னோட. ஓடின சனம் ஜன்னலால கண்டிரிக்கு. ரிசீவரைத் தோளில வச்சுக்கொண்டு நிண்டாளாம். "ஓடு கெரன், ஓடு" எண்டு கத்தினாங்களாம். ஓடல்ல. ஏன் ஓடல்ல? நீ பிடிச்சு வச்சிருந்த. பந்துக் கதை சொல்லிட்டிருந்த. அவள் உன்னைத் திட்டிட்டுச் செத்திருப்பாள். அதுதான் நீ ஒரு நாளும் வாயைத் திறக்கிற இல்ல.

— அப்பிடியே நினைச்சுக்கொள். புள்ளையைத் தா. போறன்.

— சொன்னாத் தாறன். கெரன் மேல சத்தியம். கடைசியா என்ன சொன்னாள்?

— கேக்காத, மச்சான்.

— ஏன்?

— திரும்பவும் போத்தலை எடுப்ப.

— நானா? அண்டு தொட்டு நான் தொடல்ல. வயலினும் தொடல்ல. கலியாணமும் கட்டல்ல. இந்த ஒரு புள்ளைதான். பயம் எனக்கில்ல, உனக்கு.

— சரி. எனக்குத்தான் பயம். விடு.

— விட மாட்டன். நான் முழிச்சிருந்தா அவளையும் கொண்டு போயிருப்பன். போன்ல வச்சுச் சாகடிச்சவன் நீ. அது அமண்டாவுக்கும் தெரியும்.

— என்ன தெரியும்?

— நீ வாறாய் எண்டு கடிதம் வந்த அண்டைக்குச் சொன்னன். அப்பா போன்ல கதைச்சுக் கதைச்சு அம்மாவைச் சாகடிச்சவர் எண்டு.

— புள்ளைக்கு அதைச் சொன்னயா?

— சொன்னன். அதுதான் நேத்து நீ குடுத்த பொம்மையைக் கையில வாங்கல்ல.

— என்ன செய்தாள்?

— என்ட சாரத்தைப் பிடிச்சுக்கொண்டு பின்னால நிண்டாள். கண்டதானே. இனி என்ன, மறுகா ஒண்டுமில்ல. பாஸ்போட்டை எடுத்திட்டுப் போ.

— சீவுளியைக் கீழ வை, றிக்கி.

— ஏன்? அடிக்கப் போறயா?

— இல்ல. இரு. அந்தக் கட்டில்ல இரு.

— இருந்தாச்சு. மறுகா?

— அவள் சொன்னதை அப்பிடியே சொல்றன். ஒரு சொல்லும் கூட்டல்ல, குறைக்கல்ல. "வெளிய சனம் ஓடுது, அன்ட்ரூ. றிக்கியை உலுப்புறன், எழும்புறான் இல்ல. அவனை விட்டிட்டு ஓட ஏலா. புள்ளையை அவன்ட நெஞ்சில கிடத்தியிருக்கன், அவள் கத்தினா எழும்புவான். போனை வைக்காத, வாறன்."