யாரென்று எழுதாத கட்டம்

— ...கதையெல்லாம் வேண்டாம் முனிலட்சுமி. பெஞ்சுக்கு அடியில பத்து டப்பா எதுக்கு?

— பாசிங்க சௌந்தரராஜன் சார். ஈரச் சுவத்துல இலையாட்டம் படருமே, அது.

— பாசியத் தேய்ச்சுக் கழுவத்தான் ஒனக்குச் சம்பளம். நீ மூடி போட்டு வளக்க?

— பெங்களூர் காலேஜ் பிரியாம்மா கேட்டாங்க. படிப்புக்குங்க.

— நாலாம் நம்பர் ஷெட்ல ரோஸ் மொட்டு பூரா அழுகுது. பிப்ரவரி ஆர்டர் போச்சு. நோயக் கொண்டாந்தது யாருன்னு மேனேஜர் குதிக்காரு. நீ கத்திரிய மருந்துத் தண்ணியில முக்கிட்டுத்தான வெட்டுத?

— முக்காம ஒரு நாளும் வெட்டுனதில்லீங்க.

— அப்ப இந்த மூணு டப்பா? குள்ளமா, பழுப்புப் புள்ளியா கெடக்கு. இது நோயில்லயா?

— நோயே வரலீங்க. வந்துருச்சுன்னு தன்னத்தானே கருக்கிக்குது. சண்டை போட்டே தெம்பு போயிருது, எங்க வளரும்?

— யாரு... பாசியா?

— பிரியாம்மா சொன்னதுங்க. ரோசா, நெல்லு எல்லாத்துக்கும் முன்னாடி தண்ணிய விட்டுக் கரையேறுன செடிங்களுக்கு இது சொந்தமாம். வேரில்ல, பூவில்ல. கரையில பூஞ்சைக்கு நடுவுல பொழைக்கணும்.

— அடிச்சு வெரட்ட வேண்டியதுதான?

— எல்லாத்தையும் வெரட்டுனா, மண்ணுச் சத்த எடுத்துக் குடுக்கற பூஞ்சையும் போயிருமே சார். அதனால அடிக்கவும் கத்துக்கிச்சாம், போதும்னு நிறுத்தவும் கத்துக்கிச்சாம். இந்த மூணுலயும் அந்த நிறுத்தறது கெட்டுப் போயிருக்குமோன்னு அவங்களுக்குச் சந்தேகம். அதான் வாராவாரம் அளந்து எழுதறேன்.

— எழுதுதியா? எதுல?

— நோட்டுலங்க. பாசி எவ்வளவு வளந்துச்சு... வெளிநோய் எதுவும் ஒட்டுதான்னு பாக்க, எந்தத் தேதியில ஷெட்டுக்குள்ள யாரு வந்தாங்க, கையில என்ன இருந்துச்சு...

— ...நோட்டு எங்க?

— பிரியாம்மாகிட்ட இருக்குதுங்க.

— என் பேரு இருக்கா?

— தினமும் வர்றவங்கதானே நீங்க. எதுக்குக் கேக்கறீங்க?

— சும்மாதான்... இந்தா பாரு, மேனேஜர் காலையில திரும்பத் திரும்பக் கேட்டாரு. டப்பாவ நெனச்சு... ஒம்பேரச் சொல்லிட்டேன்.

— தெரியுங்க. நாளையிலருந்து வரவேணாம்னு கேட்ல சொல்லிட்டாங்க.

— தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் பாசிக்கதை பேசுன?

— நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்.

— நான் என்னத்தச் சொல்லணும்?

— பொங்கல் முடிஞ்ச திங்கக்கெழமைங்க சார். மேனேஜருக்குத் தெரியாம பாகலூர் பண்ணையிலயும் கூலிக்குப் பூ வெட்டிட்டு வந்த சிவப்புப் பிடி கத்திரிய முக்காமயே நாலாம் நம்பர்ல வெச்சீங்க. உங்க வீட்டம்மா அப்ப ஆஸ்பத்திரியில இருந்தாங்க, ரெண்டு எடத்துல ஓடிட்டிருந்தீங்க... உங்க பேர எழுத எனக்கு மனசு வரல. நோட்டு பிரியாம்மாகிட்ட இல்லீங்க, என் பையிலதான் இருக்குது. தேதி எழுதிட்டேன், கத்திரின்னும் எழுதிட்டேன். யாருங்கற கட்டத்த மட்டும் காலியா விட்டிருக்கேன்... இந்தாங்க பேனா.