ஆலய வாசலில் ஆம்பூர் செருப்புகள்

ஓடுகிறோம். பின்னால் விடுதிக் கூரை எரிகிறது. முதலில் ஊய் என்று இழுக்கும் சத்தம். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு நிலம் குதிக்கிறது. செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாட்டு நேரம். பதுங்குகுழியில் மழைத்தண்ணீர் இடுப்பளவு நிற்கிறது. சின்னப் பிள்ளைகள் மூழ்கிவிடுவார்கள். எதிரே மண்சுவர் ஆலயம். அங்கேதான் ஓடுகிறோம்.

"உள்ள போங்க! சீக்கிரம் உள்ள போங்க!"

கத்துவது நான்தான். தமிழில். தென் சூடான் பிள்ளைகளிடம். அந்த நேரத்தில் எனக்கு வேறு பாஷை வரவில்லை.

என் பெயர் ஜோதி. ஆம்பூர்க்காரி. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் விடுதியைப் பார்த்துக்கொள்ள எங்கள் சபை என்னை அனுப்பியிருந்தது. துணைக்குக் குடியாத்தத்து நர்ஸ் எஸ்தர் அக்கா. அந்தக் கிராம ஆலயத்தின் உபதேசியார் யோகானா, அந்த ஊர்க்காரர். பெரியவர்கள் நாங்கள் மூவர்தான்.

கதவைச் சாத்திய பிறகுதான் பார்த்தேன். பிள்ளைகள் எல்லாரும் வெறுங்காலோடு நிற்கிறார்கள். குண்டு விழும்போது குனிந்து, வார் அவிழ்த்து, வாசலில் வரிசையாக வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் செருப்போடு யாரும் ஆலயத்துக்குள் போகமாட்டோம். அங்கேயும் அப்படியே பழக்கியிருந்தோம். என் காலில் செருப்பு இருந்தது. எஸ்தர் அக்கா காலிலும். நாங்கள் மறந்துபோனோம். அவர்கள் மறக்கவில்லை.

சிவப்புச் செருப்புகள். என் தம்பி வேலை செய்யும் ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக்குத் தேறாத ரிஜெக்ட் பீஸ். பிள்ளைகளுக்கு அவை என்றால் உயிர்.

குண்டுச் சத்தம் நின்றது. அதுதான் மோசம். அது நின்றால் துப்பாக்கியோடு ஆட்கள் வருவார்கள். பிள்ளைகளைப் பிடித்துப்போவார்கள். பையன்கள் கையில் துப்பாக்கி கொடுப்பார்கள். பெண்பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று நானும் எஸ்தர் அக்காவும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

ஆலயத்துக்கு ஒரே கதவு. ஜன்னல் கிடையாது, சுவரில் கையகல ஓட்டைகள்தான். தகரக் கூரை கொதிக்கிறது. ஒரு பிள்ளை இருமினாலும் வெளியே கேட்கும். ஆளில்லாத கட்டடம் என்று அவர்கள் தாண்டிப்போகலாம். ஆனால் வாசலில் சிவப்பு வரிசை கிடக்கிறது. தூரத்தில் டீசல் வண்டியின் உறுமல்.

"செருப்பு, அக்கா."

யோகானா. நான் தினமும் சொல்லிச் சொல்லி அவருக்கு வந்த தமிழ் அவ்வளவுதான்.

"ஐயோ, போவாதீங்க! வண்டி வந்துடுச்சு!" எஸ்தர் அக்கா கத்தியேவிட்டார்.

யோகானா வெளியே போய்விட்டார். நான் தாழ்ப்பாள் போட்டேன். ஓட்டையில் கண்ணை வைத்தேன். சட்டையைக் கழற்றி விரித்து, அதில் செருப்புகளை அள்ளுகிறார். வண்டி புளியமரத் திருப்பத்துக்கு வந்துவிட்டது. உள்ளே வந்திருக்கலாம். வந்திருந்தால், அவர் நுழைவதைப் பார்த்து அவர்கள் இந்தக் கதவுக்கு வந்திருப்பார்கள். ஆற்றுப் பக்கம் ஓடினார். ஒவ்வொரு செருப்பாகக் கீழே விழுந்தது. தவறி விழுகிறது என்று நினைத்தேன். இல்லை. அவராகவே எடுத்து எடுத்துப் போட்டார்.

வண்டி ஆலயத்தைத் தாண்டிச் செருப்புகளின் பின்னால் போனது. நாணல் சரசரத்தது. இரண்டு வெடி. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிள்ளைகள் ஆற்றைக் கடந்துவிட்டார்கள் என்று வண்டியில் வந்தவர்கள் நம்பியிருக்க வேண்டும். வண்டி திரும்பவில்லை.

இருட்டும்வரை யாரும் அசையவில்லை. இருந்த இடத்திலேயே மூத்திரம் போனோம். பிறகு வெறுங்கால் பிள்ளைகளை முள்ளில் நடத்திக்கொண்டு அகதி முகாம் சேர்ந்தோம்.

இப்போது ஆம்பூரில் இருக்கிறேன். சபைக் கூட்டங்களில் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். பிரியாணி ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும். "கர்த்தர் காப்பாத்துனார்னு சொல்லி முடிச்சிடுங்க சிஸ்டர்" என்கிறார்கள். சொல்கிறேன். யோகானாவின் பெயரைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. எனக்குக் கோபம் இருக்கிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஆலய வாசலில் கிடக்கும் செருப்பு வரிசையில் நான் விடுவதில்லை. என்னுடையதைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்கிறேன்.

போனவை இவை. விடுதிக் கட்டடம் ஒன்று. சிவப்புச் செருப்பு, பத்தொன்பது ஜோடி. பிள்ளைகள் பத்தொன்பது பேரும் உயிரோடு இருக்கிறார்கள். அன்று இரவு வெளியே வந்தபோது, வழக்கமாக அவர் விடும் ஆலய வேலியோரத்தில் யோகானாவின் பழைய டயர் செருப்பு கிடந்தது. பிள்ளைகளுடையதை எல்லாம் அள்ளியவர் தன்னுடையதைப் போட்டுக்கொள்ளவில்லை. அது மிஞ்சியது. அவர் இல்லை.