பாஸ்போர்ட்டுக்கு ஒரு ஜெபம்

“…ஏர்போர்ட்ல கேட்டா ஊர் சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லணுமாம் மச்சான். வேலைன்னு வாயே தொறக்கக் கூடாதாம்.”

பாடியிலிருந்து ஆவடி போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். இதைச் சொன்னவர் வெல்டர். சட்டைக் கையெல்லாம் பொறி பட்ட ஓட்டை. பக்கத்திலிருந்தவர் வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“வெல்டிங் வேலைக்கு டூரிஸ்ட் விசாவா? எத்தினி நாளுக்கு?”

“ஒரு மாசம். போனப்புறம் கம்பெனியே மாத்திக் குடுக்குமாம்.”

“எந்தக் கம்பெனி? பேர் போட்ட பேப்பர் எதனா கீதா?”

“அங்க போய்த்தான் கையெழுத்தாம்.”

“நல்லா கீதுடா. நானெல்லாம் கான்ட்ராக்ட் கைக்கு வந்தப்புறம்தான் பொட்டியே கட்டினேன். பாஸ்போர்ட் எங்க?”

“ஏஜென்ட் கைல. தொலைஞ்சிடும்னு அவரே பத்திரமா வெச்சிகினு கீறாரு.”

“உங்க ஊட்ல யாருக்கும் இல்லாத கவலை அவனுக்கு இன்னாத்துக்கு? மொதல்ல அத்த வாங்கு.”

“சந்தேகப்பட்டுக் கேட்டா தர மாட்டான் மச்சான்.”

வெல்டர் போனை எடுத்து ஏஜென்ட்டைக் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு பணிவு.

“சார், எங்க சர்ச்ல வெளிநாடு போறவங்க பாஸ்போர்ட் மேல பாஸ்டர் கை வெச்சு ஜெபம் பண்ணுவாரு. ஞாயித்துக்கிழமை எனக்குப் பண்ணணும்னு அம்மா புடிவாதமா இருக்காங்க. ஒரே ஒரு நாளைக்குக் குடுங்க சார்… சரி சார், பக்கத்துலதான் இருக்கேன், இப்பவே வர்றேன்.”

ஆவடிக்கு டிக்கெட் எடுத்தவர், அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே இறங்கி, ரோட்டைத் தாண்டி ஓடினார்.