ஹனுஸ் யோன்சென் தீவோலிப் பூங்காவில் இல்லாத பிற்பகல்

பெயர்: மெரெட்டே ஹோல்ம்ஸ்கோவ். வயது: 52. முகவரி: கோபன்ஹேகன், ஆமாயர் பகுதி, மூன்றாம் மாடி. தொழில்: ஊருக்கு வருகிறவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது, கேட்டால் கூடவே போய்ச் சுற்றிக் காட்டுவது.

நான் மேற்படி முகவரியில் தனியாக வசிக்கிறேன். பத்தொன்பது வருடமாக இந்தத் தொழில் செய்கிறேன். இதுவரை எந்த விருந்தினரையும் தொலைத்ததில்லை. இன்றும் தொலைக்கவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளும்படி காவல் அதிகாரியைக் கேட்டுக்கொண்டேன்.

சென்ற மார்ச் மாதம் ஃபாரோ தீவுகளிலிருந்து ரான்வா யோன்சென் என்ற பெண்மணி தொலைபேசியில் பேசினார். மே மாதம் மூன்று நாள் அலுவலகக் கூட்டத்துக்காகக் கோபன்ஹேகன் வருவதாகவும், எழுபத்தொன்பது வயதான தகப்பனார் ஹனுஸையும் அழைத்து வருவதாகவும், தான் கூட்டத்தில் இருக்கும் நேரமெல்லாம் அவரை நான் சுற்றிக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். நான் ஒரு நாளைக்கு மூன்று இடம் என்று திட்டம் அனுப்பினேன். அவர் அதை ஒன்பது இடமாக்கித் திருப்பி அனுப்பினார். அதன் பிறகு பதினோரு முறை மாற்றினார். ஒவ்வொரு இடத்திலிருந்தும் படம் எடுத்து அனுப்பவேண்டும் என்றார். தேவாலயக் கோபுரத்தின் நானூறு படிகளையும் சேர்த்திருந்தார். இந்த வயதில் ஏறமாட்டார் என்று சொன்னேன். "ஏறுவாரு. சும்மா மட்டும் உக்கார விடாதீங்க. அரை மணி நேரம்கூட இடைவெளி இருக்கக் கூடாது" என்றார். அப்பா மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு விடுதி வாசலில் ஹனுஸை அழைத்துக்கொண்டேன். முதலில் கடற்கன்னி சிலைக்குப் போனோம். அவர் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா? எங்க ஊர் பாறையில கெடக்குற சீல் இதவிடப் பெருசு" என்றார். அதன் பிறகு கால்வாய்ப் படகில் ஏற்றினேன். "அம்பது வருஷம் நடுக்கடல்ல கெடந்தவன வாய்க்கால்ல ஏத்துறியேம்மா" என்றார். ஒரு மணி நேரமும் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். கோபுரத்தில் பதினேழாவது படியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவரைத் தாண்டித்தான் ஏறினார்கள். இதற்கிடையில் மகளிடமிருந்து எனக்கு இருபத்தாறு குறுஞ்செய்திகள் வந்தன. அவற்றைக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

இன்று புதன்கிழமை பதினொன்றே முக்கால் மணிக்கு அருங்காட்சியகச் சிற்றுண்டிச் சாலையில் அவருக்குக் கறுப்பு ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் வாங்கி வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். திரும்பி வந்தபோது ரொட்டி இருந்தது, அவர் இல்லை. வெளியே ஓடினேன். பேருந்து நிறுத்தத்தில் ஓட்டுநரிடம் ஒரு தாளைக் காட்டி வழி கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் பேருந்து நிறையச் சனம் கத்திக்கொண்டிருந்தது. தாளை வாங்கிப் பார்த்தேன். வல்பி பகுதியில் ஒரு முகவரி, அவர் கையெழுத்தில் இருந்தது.

யார் வீடு என்று கேட்டேன். "எம் மகன் ஹேரி வீடு. அவங்கம்மா சாவுக்கு அவன் வரல. அன்னையிலேருந்து வீட்ல அவன் பேர எடுக்கக் கூடாதுன்னு ரான்வா சொல்லிட்டா. நான் இங்க வந்தா அவனத் தேடிப் போயிடுவேன்னுதான் உன்னப் போட்டிருக்கா. நீ வழிகாட்டி இல்லம்மா, காவக்காரி" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அதிகாரி கேட்டார். எல்லார் மேலும். பதினோரு முறை மாற்றிய திட்டம் எதற்கென்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதன் பிறகு அவரை அதே பேருந்தில் நானே ஏற்றி வல்பிக்கு அழைத்துச் சென்றேன்.

கீழ் வாசலில் அழைப்பு மணியை அவர்தான் அழுத்தினார்.

"யாரு?"

"நான்தான்டா."

"எந்த நான்?"

"ஒன்னப் பெத்தவன். கதவத் தொற. முட்டி வலிக்குது."

அதன் பிறகு கதவு திறந்தது.

ஹேரிக்கு நாற்பத்து நான்கு வயது இருக்கும். தகப்பனார் நேராகக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். கடுகு விழுதும் இரண்டு பியர் புட்டிகளும் மட்டும் இருந்தன. "இதத் தின்னுதான் உயிரோட இருக்கியா?" என்றார். அதன் பிறகு என்னிடம் மீன் வாங்கி வரச் சொன்னார். அது என் வேலை இல்லை என்று சொன்னேன். போய் வாங்கி வந்தேன்.

நான் திரும்பியபோது ஹேரி பேசிக்கொண்டிருந்தார். சாவுக்கு வரத்தான் விமான நிலையம் போனதாகவும், கடைசி அழைப்பு வந்தபோது இருக்கையை விட்டு எழ முடியவில்லை என்றும் சொன்னார். "காலு வரலப்பா. பெட்டியில அம்மாவப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல" என்றார். ஹனுஸ் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்த மீனிலேயே மறுபடியும் எடுத்தார்.

திட்டப்படி இரண்டு மணிக்கு நாங்கள் தீவோலிப் பூங்காவில் இருக்க வேண்டும். மகள் படம் கேட்டுச் செய்தி மேல் செய்தி அனுப்பினார். நான் என் கைப்பேசியில் இருந்த பழைய பூங்கா வாசல் படம் ஒன்றை அனுப்பி, 'அப்பா ஐஸ்கிரீம் வரிசையில் நிற்கிறார்' என்று எழுதிவிட்டுக் கைப்பேசியை அணைத்தேன். இது பொய். இதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் படம் அக்டோபரில் எடுத்தது, ஹாலோவீன் பண்டிகைக்காக வாசல் முழுக்கப் பரங்கிக்காய் அடுக்கியிருந்தது, மே மாதத்தில் பரங்கிக்காய் இருக்காது என்று அந்த அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை. ரான்வாவுக்குத் தோன்றியிருக்கிறது. கூட்டத்தை விட்டு எழுந்து பூங்காவுக்கு ஓடியதும், அங்கே ஒலிபெருக்கியில் பெயர் சொல்லித் தேடியதும், நான் அப்பாவைக் கடத்திவிட்டதாகப் புகார் கொடுத்ததும் எனக்குப் பிறகுதான் தெரியும். அத்தனை பேரை அலைய விட்டதற்கு வருந்துகிறேன்.

ஐந்தே கால் மணிக்கு ரான்வா தம்பி வீட்டு முகவரியைச் சொல்லி இரண்டு காவலர்களோடு அங்கே வந்தார். கதவைத் திறந்தது நான். "ஊரச் சுத்திக் காட்டத்தான் உங்களக் கூப்பிட்டேன். எங்க குடும்பத்துக்குள்ள பூந்து சுத்த இல்ல" என்று கத்தினார். உள்ளேயிருந்து ஹனுஸ், "ஒண்ணு உள்ள வா, இல்ல கதவச் சாத்து. மீன் வாசம் வெளிய போகுது" என்றார்.

ரான்வா வாசற்படியிலேயே நின்றார். ஹேரி எதிரில் வந்து நின்று, அம்மா சாவுக்கு வர விமான நிலையம் வரை போய் ஏறாமல் விட்டதைச் சொன்னார்.

"எந்த பிளைட்ட விட்ட?" என்று ரான்வா கேட்டார்.

"பத்து அம்பது."

"நான் நம்ம ஊர் ஏர்போர்ட்ல வந்து நின்னேன்டா. பெட்டி வர்ற பெல்ட் நிக்கிற வரைக்கும் நின்னேன். கடைசியா ஒரு செவப்புப் பெட்டி மட்டும் சுத்திச்சு. அது உன்னோடதா இருக்கும்னு நின்னேன்."

ஹேரி இல்லை என்று தலையை ஆட்டினார். அதன் பிறகு ரான்வா குனிந்து ஒரு காலணியைக் கழற்றினார். மற்றதைக் கழற்றாமல் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தச் சமயத்தில் காவலர்கள் என்னை இங்கே அழைத்து வந்துவிட்டதால், மற்றதையும் கழற்றினாரா என்பது எனக்குத் தெரியாது. அதிகாரியிடம் இரண்டு முறை கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

மேலே உள்ளதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். 'கடத்திச் சென்றேன்' என்று இருந்த இடத்தில் 'அழைத்துச் சென்றேன்' என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். மற்றபடி நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. படத்தைப் பற்றிச் சொன்ன பொய் பொய்தான், மீதி எல்லாம் உண்மை.

(ஒப்பம்) மெரெட்டே ஹோல்ம்ஸ்கோவ்