அளவு ஜாக்கெட்

ஹலோ... யாரு... ஆங், துர்காவா, சொல்லுமா. டெய்லரு ஷஹர்பானுதான் பேசறேன். மிஷினு ஓடிக்கினு இருந்துச்சி, சத்தத்துல கேக்கல. இரு, நிறுத்திட்டேன்... இப்ப சொல்லு.

ஆமா, ஆமா... உங்க வீட்டுக்காரரு குமரகுரு அண்ணன் இப்பதான் பைய குடுத்துட்டு போனாரு. நாலாவது ஜாக்கெட்டும் சரியா வரலியாமே... இல்லமா, வெவரமா ஒண்ணும் சொல்லல. பைய மேச மேல வெச்சிட்டு தலைய குனிஞ்சிக்கினு நின்னாரு. நானும் கேக்கல.

எங்க தூக்குது... இடது பக்கமா. ஆப்ரேசன்ல மார எடுத்த பக்கம்... ம்... ம்... ஸ்பாஞ்சு வெச்சப்ப கழுத்து வரைக்கும் ஏறிக்கிச்சின்ன. அதான உள்ள ஒரு பை தெச்சி கடுகு ரொப்பிக் குடுத்தேன். கனம் சரியா இருக்குதுன்னு நீதான சொன்ன... ஓ, ஒரு பக்கமா சரியுதா. முந்தானையும் நிக்க மாட்டேங்குதா... த்சு.

கை இன்னும் வீங்கிக்கினுதான் இருக்குதா... அக்குள்ல முக்கோணமா துண்டு வெச்சி லூஸ் குடுத்தேனே... அதுவும் பத்தல. சரி. முன்னாடி ஹூக்கு வெச்சது... பரவால்லியா. ஒத்தக் கையால போட முடியுதா... அதாச்சும் ஒழுங்கா வந்துச்சே.

இல்ல இல்ல, பட்டு பத்திரமா இருக்குது. கத்திரி வெக்கல. ட்ரையலு எல்லாம் காடாத் துணியிலதான தெச்சேன். பொண்ணு நிச்சயத்துக்கு நீ கட்டணும்னு அவரு தன் கையால நெய்ஞ்சது, அதுல போயி தப்பா வெட்டுவனா...

துர்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. தப்பு என்னுது. நாலு தடவயும் நீ குடுத்தனுப்பன அளவு ஜாக்கெட்ட வெச்சிதான் வெட்டனேன். எல்லாருக்கும் அப்பிடித்தான வெட்டறோம், கை தானா அதத்தான் எடுக்குது. அது ஆப்ரேசனுக்கு முன்னாடி தெச்சதுமா. அந்த ஒடம்பு இப்ப உனக்கு இல்ல. அது எனக்கு இன்னிக்கிதான் ஒறச்சிது.

அதனால நீ ஒரு நடை கடைக்கி வா. டேப்பு வெச்சி ஒடம்புலயே அளவு எடுக்கறேன்... ஹலோ... துர்கா... லைன்ல இருக்கறியா...

அழாதமா... அழாத. யாரும் இருக்க மாட்டாங்க. எங்கூட தெக்கற பொண்ணயும் வீட்டுக்கு அனுப்பிடறேன். ஷட்டர எறக்கிட்டா நம்ம ரெண்டு பேருதான்... இன்னாது... அவருகூட பாக்கலியா. கட்டு பிரிச்சதுல இருந்தா... கண்ணாடியும் பாக்கறதில்லியா நீ...

ம்... ம்... உன் கல்யாண ஜாக்கெட்டே நான் தெச்சதுதான. வயித்துல புள்ள இருந்தப்போ மாசா மாசம் பிரிச்சி விட்டது யாரு. எங்கிட்ட இன்னா வெக்கம்...

வெக்கம் இல்லியா. பின்ன... சொல்லு. எனக்கு அவசரமில்ல, நான் இருக்கறேன்...

எப்ப போன... மறுபடியும் ஸ்கேன் எடுத்தாங்களா... ம்... வலது பக்கமுமா.

அல்லாவே...

டாக்டரே சொல்லிட்டாரா. அதயும் எடுக்கணும்னு... நிச்சயம் முடிஞ்ச கையோடயா... அண்ணனுக்குத் தெரியுமா... பொண்ணுக்கு... யாருக்குமே சொல்லலியா. நீ ஒருத்தியே மனசுல வெச்சிக்கினு...

அதான் வர மாட்டேன்றியா. இப்ப எடுக்கற அளவு அப்பறம் ஒதவாதுன்னு... போடி பைத்தியக்காரி. நீ வா. நிச்சயத்துக்கு இந்த ஒடம்புக்கு ஒண்ணு தெக்கறேன். அப்பறம் அந்த ஒடம்புக்கு வேற தெச்சிக்கலாம். பிரிச்சித் தெக்கறதுக்கு நான் அலுத்துக்கறவளா. நீ இருந்தா போதும் எனக்கு...

சரி... சரிமா. நிச்சயம் முடியற வரைக்கும் என் வாயில வராது... சத்தியமா. ஆனா அவருகிட்ட...

இன்னா... ஹூக்கா... ஆங், ஹூக்கு, ஹூக்கு. அண்ணன் வந்துட்டாரா... சரி, போன குடு.

அண்ணே, சொல்லுங்க... இல்லண்ணே, ஹூக்கு கொஞ்சம் தள்ளி வெக்கணுமாம், அதான் பேசிக்கினு இருந்தோம்... வேற இன்னா சொல்லுவா, வேற ஒண்ணும் சொல்லலியே... என் கொரலா... ஒண்ணுமில்லண்ணே, ஜலதோசம்.

சாயந்தரம் அனுப்புங்க, அளவு எடுத்துடறேன்... வரும்ணே, இந்தத் தடவ சரியா வந்துடும்... ஆமாண்ணே... ஆமா, இதோட முடிஞ்சிது. இனிமே அவள அலைய வெக்க மாட்டேன்... போன வெக்கறேண்ணே.