ராணியின் முட்டி

கால்நடை மருந்துக் கடையில் என் நாய்க்குப் பூச்சி மாத்திரை வாங்கக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அக்காவும் தம்பியும். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வாடகைக்கு விடுகிறவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. தம்பியின் இரண்டு கையிலும் மருந்து டப்பா.

"பவுடரா, எண்ணெயாக்கா? பவுடர்னா ராணி துப்பிடும்."

"முட்டிக்கு எது வேணா குடு. அது காதுக்கு என்னடா பண்ணுவ?"

"காதுக்கு என்னா?"

"மேளம் கேட்டா காலத் தூக்கி ஆடிக்கினு இருக்குதே! வயசாயிடுச்சி, மூணு மாசம் ஆடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல? நீ கோயில் தெருவுலயே கட்டி வச்சிருக்கற."

"நானா ஆடச் சொல்றேன்?"

"நீதான பழக்கின? முட்டியில குச்சியால தட்டித் தட்டி."

தம்பி டப்பா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"எதும்மா போடட்டும்?" என்றார் கடைக்காரர்.

அப்போது வெளியே தவில் சத்தம். அக்கா வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள்.

"டேய், சாமி நம்ம தெருவுக்குத்தான் திரும்புது!"

டப்பா இரண்டையும் மேசையில் போட்டுவிட்டுத் தம்பி ஓடினான். அவள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினாள்.

"கயித்தப் புடிக்காதடா! காதப் பொத்து, அது காதப் பொத்து!"