உருகி ஒட்டிய கோடித்துணி

மத்தியானம் ஒன்றரை மணி. ஆமாம், பட்டப்பகல்தான். பேய்க்கு நைட் ஷிப்ட் மட்டும்தான் என்று யார் சொன்னது? சித்திரை மாதம். ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன பழைய குவார்ட்டர்ஸ் ரோடு. தாரில் காக்கை உட்கார்ந்தால் காலை அங்கேயே விட்டுவிட்டுத்தான் பறக்க வேண்டும்... அப்படி ஒரு வெயில். இலைகூட அசையவில்லை.

அந்த ரோட்டில் மொபெட்டில் துணி மூட்டையோடு வந்தவன் குமரவேல். என் மச்சினனுக்குச் சகலை. மந்தாரக்குப்பத்தில் ஜவுளிக்கடை. விரல் என்றால் அது விரல். கண்ணை மூடிக்கொண்டு தடவி, நெடுக்கே ஓடும் பாவு நாற்பதாம் நம்பர் நூல், குறுக்கே ஊடை அறுபது என்பான். இன்னும் கொஞ்சம் தடவினால் மில் வாட்ச்மேன் பெயரைக்கூடச் சொல்லிவிடுவான். அந்த விரல்தான் அவன் பிழைப்பு.

ஒரே ஒரு கெட்ட பழக்கம். பிணத்துக்குப் போர்த்தக் கோடித்துணி கேட்டு வந்தால், சுத்தப் பருத்தி என்று சொல்லி, பாலியஸ்டர் கலந்ததைக் கிழித்துக் கொடுப்பான். போர்த்திக்கொண்டவர் வந்து குறை சொல்லவா போகிறார்?

ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். கைகள் புடவைக்குள்.

"வெள்ளத் துணி இருக்குதாப்பா?"

"இருக்குதும்மா. சுத்தப் பருத்தி."

"பருத்தின்னா எரிஞ்சி சாம்பலாவணும். கொளுத்திக் காட்டு."

ஓரத்தில் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினான். சுருண்டது... உருகியது... நுனியில் கறுப்பாக ஒரு மணி. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். தீக்குச்சி அணைந்த பிறகும் நாற்றம் ஏறிக்கொண்டே போனது. அவளிடமிருந்து.

"போன வெள்ளிக்கிழம இப்பிடித்தான்," என்றாள். கோபமே இல்லை. ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டதா என்று கேட்கும் குரல். "மத்ததெல்லாம் எரிஞ்சிப்போச்சு. இது மட்டும் ஒட்டிக்கினு வர மாட்டேங்குது. நீ குடுத்ததுதான. உரிச்சி வுடு."

கையை நீட்டினாள். தோல் இல்லை. நெசவு மட்டும் அப்படியே பதிந்திருந்தது. ஓர் இழை மேலே, ஓர் இழை கீழே...

ஓடியிருக்கலாம். விரல்தான் முந்திக்கொண்டதாம். உரித்தான். நகத்தால், இழை இழையாக... சர்க்... சர்க்... எவ்வளவு நேரமோ. நிமிர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை. விரல் பத்தும் மரத்துப்போயிருந்தன.

டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. இப்போது பட்டும் சாக்கும் அவனுக்கு ஒன்றுதான். கடையில் மனைவி மலர்கொடிதான் துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறாள். அவன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அழுகைகூட வரவில்லையாம்.

நேற்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். என் கையைப் பிடித்தான். முழங்கைக்குக் கீழே மெதுவாகத் தடவினான். எத்தனையோ மாதம் கழித்து முகத்தில் ஒரு சிரிப்பு.

"அண்ணே... தெரியுதுண்ணே. நூல் தெரியுது," என்றான். "கோடித்துணி. இன்னும் தண்ணியில நனைக்கல."

நான் அரைக்கைச் சட்டை போட்டிருந்தேன்.